கண்ணாடி விரியனும் நீல மூடிக் குழாயும்: ரத்த உறைவுப் பரிசோதனை வளர்ந்த கதை

பிரேசர் டவுனில் மாஸ்க் ரோட்டை ஒட்டிய ஒரு குறுக்குத் தெருவில், காலை ஏழு மணிக்கே கதவு திறக்கும் சின்ன லேப் ஒன்று உண்டு. பணி ஓய்வுக்குப் பிறகு வாரம் மூன்று நாள் அடியேன் அங்கே போய் உட்காருவது வழக்கம். முப்பது வருஷத்துக்கு மேல் டெஸ்ட் ட்யூபோடு பழகிய கை, வீட்டில் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

ஒரு தை மாதக் கடைசியில் ஆம்பூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் வந்தார். மகன் வீட்டோடு இங்கே இருப்பவர். இதயத்தில் செயற்கை வால்வு வைத்துப் பத்து வருஷமாகிறது. ரத்தம் கட்டாமல் இருக்கத் தினமும் மாத்திரை, மாதா மாதம் பி.டி. ஐ.என்.ஆர். டெஸ்ட். கையில் இரண்டு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு கேட்டார்:

"ஏன் தம்பி, பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப அங்க பாத்தா 2.1னு வந்துச்சு. இங்க வந்து பத்து நாள் கழிச்சுப் பாத்தா 3.6ங்குது. மாத்திரை அதேதான் முழுங்குறேன். எந்த லேபு பொய் சொல்லுது?"

"ரெண்டுமே பொய் இல்லம்மா" என்று சொல்லி, அவரிடம் வேறொரு கேள்வி கேட்டேன். அது என்ன கேள்வி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் 'ரெண்டுமே பொய் இல்லை' என்று நான் அவ்வளவு துணிந்து சொல்ல முடிந்ததே, அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட உழைப்பு இருக்கிறது. 1980இல் இதே கேள்வியை அவர் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. ஊர் விட்டு ஊர் வந்து, இரண்டு ஊரிலும் மருத்துவம் பார்த்துக்கொள்ளும் நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

நாம் குடியிருக்கும் இந்தப் பேட்டையே ஒரு நோயால் பிறந்ததுதான். 1898இல் பெங்களூரைப் பிளேக் உலுக்கியது. கன்டோன்மென்ட் பகுதியின் நெருக்கடியான சந்துகளில் இருந்த மக்களைக் காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணத்தில், அடுத்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் உருவான புதுப்பேட்டை இது. அப்போதைய ரெசிடெண்டான ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் வைத்தார்கள். பிற்பாடு புலிகேசி நகர் என்று பெயர் மாறினாலும் ஆட்டோக்காரருக்கு இன்றும் பிரேசர் டவுன்தான். சரி, விஷயத்துக்கு வருவோம்.

உறையாத தயிர்

நம் மொழியில் பால் தயிராவதற்கும் ரத்தம் கட்டியாவதற்கும் ஒரே சொல்தான், உறைதல். இந்த ஒற்றுமை எனக்குப் பாடம் நடத்தும்போது மிகவும் உதவியிருக்கிறது. ராத்திரி உறை ஊற்றி வைத்த பால் காலையில் தண்ணியாகவே நிற்கிறது என்றால், வீட்டம்மா என்ன செய்வார்? பால் சரியில்லையா, உறைமோர் சரியில்லையா, பெங்களூர்க் குளிரில் சூடு போதவில்லையா என்று ஒவ்வொன்றாக யோசிப்பார். வேறு வீட்டு உறைமோரை வாங்கி ஊற்றிப் பார்ப்பார். ரத்த உறைவுப் பரிசோதனைகளின் வரலாறு முழுவதும் இந்த யோசனைதான்.

1905இல் பால் மொராவிட்ஸ் என்ற ஜெர்மானியர், அதுவரை பலரும் கண்டதைத் தொகுத்து ஒரு கணக்குச் சொன்னார். திசுவிலிருந்து வரும் ஒரு பொருள், சுண்ணாம்புச் சத்தான கால்சியம், ரத்தத்தில் உள்ள புரோத்ராம்பின், பைப்ரினோஜன் ஆகிய நான்கும் சேர்ந்தால் ரத்தம் உறையும் என்றார். நாலே சரக்கு. இன்றைக்குப் பேக்டர்கள் என்று ரோமன் எண் போட்டு எண்ணுகிறோமே, அதில் பாதிக்கு மேல் அன்று யாருக்கும் தெரியாது.

1913இல் பாஸ்டனில் லீ, ஒயிட் என்ற இரண்டு டாக்டர்கள் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, உடம்புச் சூட்டில் வைத்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, எத்தனை நிமிஷத்தில் உறைகிறது என்று குறித்தார்கள். (இந்த ஒயிட்தான் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற இதய மருத்துவர் பால் டட்லி ஒயிட்.) அதற்கு மூன்று வருஷம் முன்பே டியூக் என்ற அமெரிக்கர் காது மடலில் சிறு கீறல் போட்டு, வடிதாளில் ஒற்றி ஒற்றி, எப்போது ரத்தம் நிற்கிறது என்று பார்க்கும் முறையைச் சொல்லியிருந்தார். இவைதான் ஆபரேஷனுக்கு முன்னால் சீட்டில் எழுதித் தருகிறார்களே, பி.டி. சி.டி. என்று, அந்த பிளீடிங் டைம், கிளாட்டிங் டைம். வால்வு அம்மாவின் பி.டி. வேறு, இது வேறு. பெயர்க் குழப்பத்துக்கு நான் பொறுப்பல்ல. என் சொந்த அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனில் யாருக்கு ரத்தம் அதிகம் போகும் என்று இந்த இரண்டு டெஸ்டும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 1990களிலேயே வெளிநாட்டு நோயியல் வல்லுநர்கள் பிளீடிங் டைமைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். "பல் பிடுங்கினப்ப ரத்தம் நிக்காம போச்சா? மாதவிலக்கு ரொம்பப் போகுமா? குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி உண்டா?" என்ற மூன்று கேள்விகள் அந்தக் காது மடல் கீறலைவிடப் பயனுள்ளவை. இருந்தும் நம் ஊர்ச் சிறிய நர்சிங் ஹோம்களில் பழக்கம் போகவில்லை.

முயல் மூளை

லீ-ஒயிட் முறையில் ஒரு பெரிய குறை. உறைய நேரமாகிறது என்று சொல்லும். எந்தச் சரக்கு குறைவு என்று சொல்லாது. 1935இல் மில்வாக்கி நகரத்து ஆர்மண்ட் குயிக் இதற்கு வழி கண்டார். ரத்தத்தை முதலில் உறையவிடாமல் தடுத்து, சுழல வைத்து, மேலே தெளியும் மஞ்சள் பிளாஸ்மாவை மட்டும் எடுத்தார். அதில் முயல் மூளையிலிருந்து எடுத்த திசுச் சாற்றையும் கால்சியத்தையும் சேர்த்தார். பன்னிரண்டு விநாடி போல் கடந்ததும் பிளாஸ்மா உறைந்தது. இதுதான் புரோத்ராம்பின் டைம். மஞ்சள் காமாலைக்காரர்களுக்கு இந்த நேரம் நீண்டது. ஹீமோபிலியா நோயாளிகளுக்கோ நீளவில்லை! ரத்தம் நிற்காமல் அவதிப்படும் பிள்ளைக்கு டெஸ்ட் நார்மல் என்று வந்தது. அப்படியானால் கோளாறு இந்த டெஸ்ட் தொடாத வேறெங்கோ இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு டெஸ்ட், தன்னிடம் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். இதை நான் எப்படிக் கற்றேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அது எனக்கு வலிக்கும் பாடம்.

குயிக் தன் டெஸ்டைச் செய்துகொண்டிருந்த அதே காலத்தில், அதே விஸ்கான்ஸின் மாநிலத்தில் இன்னொரு கதை. 1933 பிப்ரவரியில், பனிப்புயலில், ஒரு விவசாயி செத்த கிடேரியையும் ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் வண்டியில் போட்டுக்கொண்டு கார்ல் லிங்க் என்ற வேதியியலாரின் வாசலில் வந்து நின்றார். கெட்டுப்போன ஸ்வீட் கிளோவர் தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்துக்கொண்டிருந்தன. ஆறு வருஷம் போராடி அந்த நச்சைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் வந்ததுதான் வார்பரின். முதலில் எலி மருந்தாக விற்றது, 1954இல் மனிதர்களுக்கு மருந்தாயிற்று. அந்த அம்மா சாப்பிடும் மாத்திரையும் அதே குடும்பந்தான். எலியைக் கொல்லும் மருந்தை மனிதருக்குக் கொடுக்கிறோம் என்றால் அளவு தப்பக் கூடாது. அந்த அளவைக் காவல் காக்கும் வேலை குயிக்கின் டெஸ்டுக்கு வந்து சேர்ந்தது.

வேறு வீட்டு உறைமோர்

ஹீமோபிலியாவுக்கு வருவோம். 1947இல் அர்ஜென்டினாவின் பாவ்லோவ்ஸ்கி ஒரு விசித்திரத்தைக் கண்டார். இரண்டு ஹீமோபிலியா நோயாளிகளின் ரத்தத்தைக் கலந்தால், இரண்டுமே தனியாக உறையாத ரத்தம், சேர்ந்ததும் உறைந்துவிட்டது. நம் வீட்டம்மாவின் யுக்திதான். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்திருக்கிறது. எனவே ஒரே பெயரில் இரண்டு நோய்கள்! 1952 டிசம்பர் 27இல் ஆக்ஸ்போர்டுக் குழு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இந்த இரண்டாவது நோயைத் தனியாக விவரித்து, முதல் நோயாளியான ஸ்டீபன் கிறிஸ்துமஸ் என்ற சிறுவனின் பெயரையே வைத்தது. கிறிஸ்துமஸ் இதழில் கிறிஸ்துமஸ் நோய். எட்டாவது பேக்டர் குறைந்தால் ஹீமோபிலியா ஏ, ஒன்பதாவது குறைந்தால் பி என்று இன்று சொல்கிறோம். அந்தச் சிறுவன் வளர்ந்து, ஏற்றிக்கொண்ட ரத்தத்தின் வழியே எய்ட்ஸ் தொற்றி, 1993இல் இறந்தான் என்பது இந்தக் கதையின் துயரமான பின்பகுதி.

1953இல் அமெரிக்காவின் சாப்பல் ஹில்லில் பி.டி.டி. என்ற பரிசோதனை வந்தது. 1961இல் பிராக்டர், ராப்பபோர்ட் இருவரும் அதில் கயோலின் என்ற வெள்ளைக் களிமண் தூளைச் சேர்த்து, ஏ.பி.டி.டி. என்று இன்று லேப்களில் நடக்கும் வடிவத்துக்கு வித்திட்டார்கள். குயிக்கின் டெஸ்ட் பார்க்காத பாதையை இது பார்க்கும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் கோளாறு எந்தப் பக்கம் என்று தெரியும். நீண்டிருந்தால் நல்லவர் பிளாஸ்மாவைப் பாதிக்குப் பாதி கலந்து பார்ப்போம். சரியாகிவிட்டால் ஏதோ குறைவு. சரியாகாவிட்டால் ஏதோ தடை.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஹீமோபிலியா தாய் வழியாக மகனுக்கு வருவது. பெண்களுக்குப் பெரும்பாலும் கடுமையாக வராது. அதனால் "பொம்பளைக்கு ரத்தப் போக்கு நோய் கிடையாது" என்று ஒரு தவறான நம்பிக்கை. 1926இல் பின்லாந்தின் எரிக் வான் வில்லபிராண்டு, ஆலந்து தீவுக் குடும்பம் ஒன்றில் ஆண் பெண் இரு பாலாருக்கும் வரும் வேறொரு நோயை விவரித்தார். அவர் பார்த்த சிறுமி பதின்மூன்று வயதில் மாதவிலக்கின் உதிரப்போக்கிலேயே இறந்தாள். இதைக் கண்டறியும் டெஸ்ட் எப்படி வந்தது தெரியுமா? ரிஸ்டோசெட்டின் என்று ஒரு ஆன்டிபயாடிக், தட்டணுக்களைக் குறைக்கிறது என்று கைவிடப்பட்டது. 1971இல் ஹோவர்டும் பர்கினும் அந்தத் தள்ளுபடி மருந்தையே டெஸ்ட் ட்யூபில் ஊற்றிப் பார்த்தார்கள். நல்ல ரத்தத்தில் தட்டணுக்கள் கொத்தாகக் கூடின. இந்த நோயாளிகளின் ரத்தத்தில் கூடவில்லை. மாதா மாதம் அதிகம் போகிறது, ரத்தசோகை என்று இரும்பு மாத்திரை மட்டுமே விழுங்கிக்கொண்டிருக்கும் பெண்கள் நம் வீடுகளில் இருந்தால், ஒருமுறையாவது இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

சோழமண்டலக் கரையிலிருந்து போன விஷம்

வெளிநாட்டுப் பெயர்களாகவே வருகிறதே என்று வாசகர்கள் சலித்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கதையில் நம் வயற்காட்டு ஆசாமி ஒருவனும் உண்டு. கண்ணாடி விரியன்.

கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த பேட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், விசாகப்பட்டினத்தில் இருந்துகொண்டு சோழமண்டலக் கரைப் பாம்புகளைச் சேகரித்து, 1796இல் படங்களோடு பெரிய நூல் வெளியிட்டார். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் அவர் பெயரே நிலைத்தது. இந்தப் பாம்பு கடித்தால் ரத்தம் உறைய மறுத்து ஈறிலும் சிறுநீரிலும் கசியும் என்பது நம் கிராமத்தார் அறிந்ததே. ஆனால் உள்ளே நடப்பது தலைகீழ். விஷம் முதலில் ரத்தத்தைக் கண்டபடி உறைய வைக்கிறது; அதில் உறைபொருள் எல்லாம் செலவாகித் தீர்ந்த பிறகுதான் கசிவு.

லண்டன் மிருகக்காட்சிசாலையில் ஊர்வனப் பிரிவைக் கவனித்த பர்கஸ் பார்னெட்டும், இளம் மருத்துவர் மெக்பர்லேனும் பல பாம்புகளின் விஷத்தை ஹீமோபிலியா ரத்தத்தில் சோதித்தார்கள். கண்ணாடி விரியன் விஷம், மிக மிக நீர்க்கச் செய்த பிறகும், அந்த உறையாத ரத்தத்தைச் சட்டென்று உறைய வைத்தது. 1934இல் லான்செட் இதழில் எழுதினார்கள். பல் பிடுங்கிய குழியில் ஒற்றி ரத்தம் நிறுத்தும் மருந்தாக 'ஸ்டிப்வென்' என்ற பெயரில் கடைக்கே வந்தது. காரணம் பிறகு தெரிந்தது. எட்டையும் ஒன்பதையும் தாண்டிக் குதித்து, பத்தாவது பேக்டரை இந்த விஷம் நேரே தட்டி எழுப்புகிறது. மெக்பர்லேன்தான் பின்னாளில் அந்தக் கிறிஸ்துமஸ் நோய்க் கட்டுரையை எழுதிய குழுவிலும் இருந்தார். 1964இல் பேக்டர்கள் ஒன்றையொன்று எழுப்பிவிடும் அருவிக் கோட்பாட்டைச் சொன்னவர்களில் ஒருவரும் அவரே.

1986இல் பெருமாள் தியாகராஜனும் அவர் சகாக்களும் அமெரிக்காவின் 'பிளட்' இதழில் இதே விஷத்தை நீர்க்கச் செய்து இன்னொரு கேள்விக்குப் பயன்படுத்தினார்கள். சில பெண்களுக்குக் கரு அடுத்தடுத்துக் கலையும். சிலருக்குக் காலில் ரத்தம் கட்டும். அவர்களுடைய ஏ.பி.டி.டி. நீண்டிருக்கும். குழாயில் உறையத் தாமதிக்கும் ரத்தம், உடம்புக்குள் வேண்டாத இடத்தில் உறைகிறது! லூபஸ் ஆன்டிகோயகுலன்ட் என்று இதற்குப் பெயர். ரத்தம் உறையவில்லை என்று தப்பாகப் படித்து, வேண்டிய மருந்தைக் கொடுக்காமல் விட்டால் விபரீதம். நீர்த்த விரியன் விஷ டெஸ்ட் இதைப் பிரித்துக் காட்டும். ஒருமுறை பாசிட்டிவ் வந்தால் போதாது, பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்பது விதி. "ராசியில்லாதவ" என்று மாமியார் வீட்டில் பேச்சு வாங்கிய எத்தனையோ மருமகள்களின் குற்றத்தை இந்தப் பாம்பு துடைத்திருக்கிறது.

பாம்புக்கடிக்கான டெஸ்டோ இன்றும் பழைய லீ-ஒயிட் காலத்து எளிமைதான். புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் விட்டு, ஆட்டாமல் 20 நிமிஷம் வைத்துச் சாய்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விரியன் வேலை செய்திருக்கிறது. பிளாஸ்டிக் குழாய் உதவாது. சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் ஏமாற்றும். ஏனென்றால் கண்ணாடியின் சுவரைத் தொடுவதால்தான் உறைவு தொடங்குகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் வருஷத்துக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்ததாக ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. அத்தனை பெரிய சாவுக்கு எதிரே நிற்கும் முதல் சோதனை ஒரு கண்ணாடிக் குழாய். விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துத் தருவதில் 1978இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவு சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை.

எல்லாம் நார்மல்

இப்போது அந்த வலிக்கும் பாடம். 1990களின் தொடக்கம். அடியேன் ஒரு மருத்துவமனை லேபில் இருந்தேன். பிறந்து பத்து நாள் ஆன ஆண் குழந்தை. தொப்புள் கொடி விழுந்த இடத்தில் ரத்தம் கசிகிறது, நிற்கவே இல்லை. பி.டி. பார்த்தேன், நார்மல். ஏ.பி.டி.டி. பார்த்தேன், நார்மல். தட்டணு எண்ணிக்கை நார்மல். இரண்டாம் முறை, மூன்றாம் முறையும் அதே. மூன்று ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போட்டவன் நான். "லேப்ல ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க" என்று குடும்பத்தார் கிளம்பத் தயாரானார்கள். கொடி கட்டிய செவிலியின் கைராசியைக் குறை சொன்னது வேறு.

எங்கள் பெரிய டாக்டரம்மா மட்டும் அந்தத் தாயைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். தமிழ்க் குடும்பம். கணவன் வேறு யாருமில்லை, சொந்தத் தாய்மாமன். முதல் குழந்தை ஆறு மாசத்தில் 'தலையில ரத்தம் கட்டி' போய்விட்டது என்று அப்போதுதான் சொன்னாள். டாக்டரம்மா நேரே லேபுக்கு வந்து, "யூரியா இருக்கா?" என்று கேட்டார். வயலுக்குப் போடும் அதே யூரியாதான், சுத்தமானது. குழந்தையின் பிளாஸ்மாவை உறைய வைத்து, அந்தக் கட்டியைக் கெட்டியான யூரியாக் கரைசலில் போட்டு வைத்தோம். பக்கத்தில் என் ரத்தக் கட்டி ஒன்று. நான் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன். என் கட்டி அப்படியே கிடந்தது. குழந்தையின் கட்டியைக் காணோம். கரைந்துவிட்டது.

அதுதான் பதின்மூன்றாவது பேக்டர் குறைவு. உறைந்த நூல்களைக் குறுக்கே கட்டி முடிச்சுப் போடுவது அதன் வேலை. கொத்தனார் பூச்சுக்குப் பிறகு செய்கிற கியூரிங் மாதிரி. பி.டி.யும் ஏ.பி.டி.டி.யும் ரத்தம் உறைந்த கணத்தில் கடிகாரத்தை நிறுத்திவிடுகின்றன. அதற்குப் பிறகு அந்தக் கட்டி நிற்குமா, கரையுமா என்று அவற்றை யாரும் கேட்கவில்லை. 1960இல் சுவிட்சர்லாந்தில் டுக்கெர்ட் குழுவினர் முதல் நோயாளியை விவரித்தபோதும் இப்படித்தான், எல்லா டெஸ்டும் நார்மல். இந்தக் குறைவு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மூளையில் ரத்தக் கசிவு வரும். ஆனால் இந்தப் பேக்டர் உடம்பில் பல நாள் தங்குவதால், மாதம் ஒருமுறை ஏற்றினாலே காப்பாற்றிவிடலாம். அந்தக் குழந்தைக்கு மாதா மாதம் ஏற்றினார்கள். பள்ளிக்கூடம் போகும் வரை எனக்குத் தகவல் வந்துகொண்டிருந்தது. அண்ணன் குழந்தைக்கு யாரும் யூரியா கேட்டிருக்கவில்லை.

யூரியா டெஸ்டும் முழுமையானதல்ல. மிகக் கடுமையான குறைவை மட்டுமே காட்டும். இன்று பேக்டரின் அளவையே எண்ணாகச் சொல்லும் முறைகள் வந்துவிட்டன. இதை நம் மலரில் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த மாதிரி அபூர்வக் குறைவுகள் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வர வேண்டும். மாமன், அத்தை மகன், அத்தை மகள் என்று சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் இடங்களில் அவை கூடுதலாகத் தென்படும். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் நாலில் ஒன்றுக்கு மேற்பட்ட மணங்கள் உறவுக்குள் நடந்தவை. உறவு மணம் கூடுமா கூடாதா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. என் தாத்தா பாட்டியே அப்படித்தான். ஆனால் தொப்புளில் ரத்தம் நிற்காத குழந்தைக்கு 'நார்மல்' ரிப்போர்ட் வந்தால், "பதிமூணாவது பேக்டர் பாத்தீங்களா?" என்று கேளுங்கள்.

இத்தகைய டெஸ்டுகளுக்கு நாம் தொன்றுதொட்டுப் போகும் வழி கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயிலேறிக் காட்பாடியில் இறங்குவது. வேலூர் சி.எம்.சி.யின் ரத்தவியல் துறை உலக ஹீமோபிலியா கூட்டமைப்பின் பயிற்சி மையங்களில் ஒன்று. அதன் டாக்டர் அலோக் ஸ்ரீவாஸ்தவாதான் அந்தக் கூட்டமைப்பு 2013இலும் 2020இலும் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டிகளின் முதல் ஆசிரியர். 2024 டிசம்பரில் அவர் குழு, கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள ஐந்து பேருக்கு அவரவர் ரத்த மூல அணுக்களிலேயே மரபணுவைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்தியதையும், அதன் பிறகு அவர்களுக்கு ரத்தக் கசிவு வராததையும் நியூ இங்கிலாந்து மெடிக்கல் ஜர்னலில் எழுதியது. இந்தப் பக்கம் தாவணகெரேயிலும் ஹீமோபிலியா சங்கம் நல்ல பணி செய்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஹீமோபிலியாவும் சேர்ந்துவிட்டதால், பேக்டர் அளவு ரிப்போர்ட் இப்போது வெறும் மருத்துவச் சீட்டல்ல, உரிமைச் சீட்டுந்தான்.

புது மருந்துகள் புதுத் தலைவலியும் தருகின்றன. எமிசிசுமாப் என்ற ஊசி, எட்டாவது பேக்டர் இல்லாமலே அதன் வேலையைச் செய்கிறது. நோயாளிக்குப் பெரிய வரம். ஆனால் அவர் ரத்தத்தில் ஏ.பி.டி.டி. பார்த்தால், பொய்யாகக் குறுகி, 'எல்லாம் பிரமாதம்' என்று காட்டும். மருந்துச் சீட்டைப் பார்க்காமல் டெஸ்ட் செய்யும் லேப்காரன் ஏமாந்தே போவான்.

இரண்டு ஊர், ஒரே எண்

இனி அந்த அம்மாவின் கேள்வி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பி.டி.க்கு வேண்டிய திசுச் சாற்றை நாங்களே தயாரித்தோம். முயல் மூளையின் மேல்தோலையும் ரத்தக் குழாய்களையும் உரித்து, கல்வத்தில் போட்டு, அசிட்டோன் ஊற்றி ஊற்றி அரைத்தால் மணல் மாதிரித் தூள் ஆகும். இந்தத் தடவை அரைத்ததில் நல்லவர் ரத்தம் 12 விநாடியில் உறையும். அடுத்த தடவை 15 ஆகும். சென்னையில் ஒரு எண், பெங்களூரில் ஒரு எண். உலகம் முழுக்க இதே கதைதான். இங்கிலாந்தில் ஒரு வகைச் சாறு, அமெரிக்காவில் மந்தமான இன்னொரு வகை. அமெரிக்க டாக்டர்கள் அதே எண்ணை எட்ட வேண்டும் என்று வார்பரினைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்தார்கள். நோயாளிகளுக்கு ரத்தக் கசிவு அதிகமானது. மருந்தின் குற்றமல்ல, படி அளக்கும் மரக்காலின் குற்றம்.

1983இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு பொது மரக்காலை ஏற்படுத்தியது. ஒவ்வொரு திசுச் சாறும் பொதுவான மாதிரிச் சாற்றோடு ஒப்பிடப்பட்டு, அதன் கூர்மைக்கு ஐ.எஸ்.ஐ. என்று ஒரு எண் பெறும். நோயாளியின் விநாடியை நல்லவர்களின் சராசரி விநாடியால் வகுத்து, வந்த விகிதத்தை அந்த ஐ.எஸ்.ஐ. அடுக்குக்கு உயர்த்தினால் ஐ.என்.ஆர். உதாரணமாக, நல்லவர் 12, நோயாளி 24, விகிதம் 2. சாற்றின் ஐ.எஸ்.ஐ. 1 என்றால் ஐ.என்.ஆர். 2 தான். அதே விகிதம் 1.5 ஐ.எஸ்.ஐ. உள்ள மந்தமான சாற்றில் வந்தால் 2.8! விநாடியை மட்டும் பார்த்திருந்தால் இரண்டும் ஒன்றென்று நினைத்திருப்போம். இன்று முயல் மூளை பெரும்பாலும் போய், மனிதத் திசுக் காரணியையே செயற்கையாக வளர்த்துச் செய்த சாறு பல இடங்களில் வந்துவிட்டது. ஸ்டாப் வாட்சும் சாய்க்கும் கையும் போய், எஃகு உருண்டை ஓடுவது நின்றதா, ஒளி மங்கியதா என்று பார்க்கும் மெஷின்கள் வந்துவிட்டன. ஒரே மாதிரி ரத்தத்தைப் பல லேப்களுக்கு அனுப்பி, யார் எண் விலகுகிறது என்று பார்க்கும் வெளித் தரச் சோதனைத் திட்டத்தை நம் நாட்டில் வேலூர் சி.எம்.சி. நடத்துகிறது.

ஆனாலும் மெஷினுக்கு முன்னால் ஒரு குழாய் இருக்கிறது. நீல மூடிக் குழாய். அதில் ஒரு பங்கு சிட்ரேட், ஒன்பது பங்கு ரத்தம் என்பது கணக்கு. நரம்பு கிடைக்கவில்லை என்று பாதிக் குழாய் ரத்தம் எடுத்தால் சிட்ரேட் மிஞ்சி, நேரம் பொய்யாக நீளும். கோட்டை எட்டாத குழாயை நான் திருப்பி அனுப்புவேன். "கிழவன் ரொம்ப கறார்" என்று சின்னப் பிள்ளைகள் முணுமுணுப்பது காதில் விழத்தான் செய்கிறது.

2020-21இல் கொரோனா வந்து, டி-டைமர் என்ற சொல் வாட்ஸ்அப் வரைக்கும் வந்ததே, நினைவிருக்கிறதா? உறைந்த கட்டி கரையும்போது விழும் துணுக்கு அது. ஒரு லேப் ஒரு அலகில் சொல்லும், இன்னொன்று ஏறக்குறைய இரு மடங்கு எண் தரும் வேறு அலகில் சொல்லும். 'நேத்து 400, இன்னிக்கு 800' என்று பதறிப்போய் எனக்குப் போன் செய்தவர்கள் பலர். அலகு மாறியிருக்கும், ஆள் அப்படியே இருப்பார். டி-டைமருக்கு ஐ.என்.ஆர். போல எல்லாரும் ஏற்ற பொது மரக்கால் இன்றுவரை வரவில்லை.

அந்த அம்மாவின் இரண்டு ரிப்போர்ட்டையும் வாங்கிப் பார்த்தேன். இரண்டிலும் ஐ.எஸ்.ஐ. அச்சிட்டிருந்தது, 1க்கு அருகில். எங்கள் குழாய் கோடு வரை நிறைந்திருந்தது எனக்கே தெரியும். மரக்கால் சரியாக இருந்தால், மாறியது நெல்தான். அதனால்தான் அவரிடம் கேட்டேன்:

"நடுவுல ஜுரம் கிரம்னு வேற மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா?"

"ஆமா, ஊர்ல பனி ஒத்துக்கல. மருந்துக் கடையில கேட்டு ஆன்டிபயாடிக் அஞ்சு நாள் சாப்பிட்டேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் உண்டு. சில ஆன்டிபயாடிக்குகள் இந்த மாத்திரையின் வேகத்தைக் கூட்டிவிடும். அன்றைக்கே அவருடைய இதய டாக்டரைப் பார்க்கச் சொல்லி மகனிடமும் போனில் சொன்னேன். டாக்டர் மாத்திரையைச் சரிசெய்தார். அடுத்த வாரம் 2.6. ரிப்போர்ட்டை மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டே அந்த அம்மா கேட்டார்:

"அதெல்லாம் கெடக்கட்டும். முருங்கக்கீரை சாப்பிடலாமா கூடாதா, அதச் சொல்லு. ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க."

"சாப்பிடுங்கம்மா. ஆனா ஒரு வாரம் கட்டுக் கட்டா, அடுத்த வாரம் ஒண்ணுமே இல்லன்னு வேண்டாம். வாராவாரம் ஒரே அளவா இருக்கட்டும்."

"அத அப்பவே சொல்றதுக்கென்ன" என்று எழுந்து போனார்.